விறகு அடுப்பில் சூடு தின்னும் இடங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்ராறியோவில் நகரத்தை விட்டுத் தள்ளி வீடோ கொட்டேஜோ வாங்கும் நம்மவர்கள் பலருக்கு, வீட்டோடு சேர்த்து ஒரு விறகு அடுப்பும் வந்துவிடுகிறது. முந்தைய உரிமையாளர் அதை எப்படி எரித்தார், எதைப் போட்டு எரித்தார் என்பது யாருக்கும் தெரியாது. 2013 டிசம்பர் பனிக்கட்டிப் புயலில் ரொறன்ரோவில் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் நடுங்கியவர்கள், "இருந்தால் இருக்கட்டும், ஆபத்துக்கு உதவும்" என்று அதை அப்படியே வைத்துக்கொள்வதும் உண்டு. வைத்துக்கொள்ளலாம், தவறில்லை. ஆனால் பற்றவைக்கும் முன் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

இது எந்த அடுப்பு? சமையலுக்கா?

இல்லை. வீட்டைச் சூடாக்குகிற, கதவு வைத்து மூடிய இரும்புப் பெட்டி. எஃகுத் தகட்டில் செய்தது ஒரு வகை, வார்ப்பிரும்புப் பலகைகளைப் பூட்டிச் செய்தது இன்னொரு வகை. சுவருக்குள் திறந்தபடி இருக்கும் பழைய செங்கல் கணப்பு வேறு கதை, அதை இங்கே சேர்க்கவில்லை.

தடித்த இரும்புதானே, அதற்கு என்ன ஆகப்போகிறது?

நன்றாக எரியும்போது உள்ளே 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகும். இரும்பு உருகாது, சரி, ஆனால் ஒவ்வொரு முறையும் விரிந்து சுருங்குகிறது. வருடக்கணக்கில் இப்படியே நடந்தால் தகடு வளையும், ஒட்டு விடும், போல்ட் இறுகிப்போகும், செதில் செதிலாகத் துரு உதிரும். அடக்கமாக எரிகிற அடுப்புக்கு இதெல்லாம் மிக மெதுவாகத்தான் நடக்கும். கட்டுப்பாடில்லாமல் எரிந்தால் ஒரே குளிர்காலத்தில் நடந்துவிடும்.

கட்டுப்பாடு என்றால் காற்று. காற்றுத் திறப்பை நீங்கள் மூடிய பிறகும் வேறெங்கிருந்தோ காற்று உள்ளே போகிறது என்றால் தீ உங்கள் சொல்லைக் கேட்காது. உள்ளே அடுக்கிய செங்கல் உடைந்தது, தட்டு வளைந்தது என்று எழுதி ஒவ்வொன்றாக வாங்கி மாட்டுகிறவர்கள், காற்றுப் புகாமலிருக்கக் கதவைச் சுற்றிப் பதித்திருக்கும் கயிற்றைப் பார்க்காமல் விட்டால் அடுத்த வருடமும் அதே பட்டியலோடுதான் கடைக்குப் போவார்கள். ஆகவே முதலில் ஓட்டையைத் தேடுங்கள், உடைந்த பொருளைப் பிறகு பார்க்கலாம்.

சரி, ஓட்டையை எப்படிக் கண்டுபிடிப்பது?

மூன்று வழி இருக்கிறது, மூன்றும் செலவில்லாதது.

முதல் வழி, தாள். அடுப்பு முழுக்க ஆறியிருக்கும்போது ஒரு துண்டுத் தாளைக் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே வைத்துக் கதவைப் பூட்டி மெல்ல இழுங்கள். இறுகப் பிடிக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் கயிறு தேய்ந்துவிட்டது. ஒரே இடத்தில் பார்த்து நிறுத்தாமல் கதவைச் சுற்றி ஒரு சாண் விட்டு ஒரு சாண் பாருங்கள், கீல் பக்கம் நன்றாகவும் பிடி பக்கம் தளர்வாகவும் இருப்பதுண்டு. அமெரிக்கக் கையேடுகளில் டாலர் நோட்டை வைத்துப் பார்க்கச் சொல்வார்கள், கனடா நோட்டு பிளாஸ்டிக், இளஞ்சூட்டில்கூட அதை அங்கே கொண்டுபோக வேண்டாம், வழவழப்பாகவும் இருப்பதால் சரியாகத் தெரியாது. சாதாரணத் தாளே போதும்.

இரண்டாவது, விளக்கு. இரவில் அறையை இருட்டாக்கி, பிரகாசமான டார்ச் ஒன்றை அடுப்புக்குள் எரியவிட்டுக் கதவைச் சாத்துங்கள். மூலைகள், பின்பக்கம், சாம்பல் தட்டின் கதவு, குழாய் பொருந்தும் கழுத்து என்று சுற்றி வந்து பாருங்கள். கோடாக வெளிச்சம் கசிந்தால் அதுதான் இடம். வார்ப்பிரும்பு அடுப்பில் பலகைகள் சேரும் இடங்களில் உள்ளே பூசியிருக்கும் சிமெண்ட் காலப்போக்கில் உதிர்ந்துவிடும், அதை இந்தச் சோதனைதான் காட்டிக்கொடுக்கும்.

மூன்றாவது, ஊதுபத்தி. நம் வீட்டில் அதற்கா பஞ்சம்! அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போது, காற்றுத் திறப்பைக் குறைத்துவிட்டு, ஊதுபத்தியைக் கதவோரமாக மெதுவாகக் கொண்டுபோங்கள். புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது திடீரென்று இடுக்குக்குள் வளைந்து போனால் அங்கே காற்று இழுக்கிறது.

கதவோரக் கயிற்றை நானே மாற்றலாமா?

தாராளமாக. குக்கர் மூடியில் ரப்பர் வளையம் செய்யும் அதே வேலைதான் இதற்கும், ஆனால் இது கண்ணாடி இழையில் பின்னிய கயிறு. சில பத்து டாலர்களில் முடிந்துவிடும். அளவுதான் முக்கியம், கால் அங்குலத்திலிருந்து ஓர் அங்குலம் வரை பல தடிமன்களில் வருகிறது, உங்கள் அடுப்பின் கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதையே வாங்குங்கள். தடித்தது வாங்கினால் கதவு பூட்டாது, மெல்லியது வாங்கினால் பழைய கதைதான்.

பழைய கயிற்றைப் பிய்த்து, பள்ளத்தில் ஒட்டியிருக்கும் பசையைச் சுரண்டி எடுங்கள். முகமூடி போட்டுக்கொள்ளுங்கள், மிகப் பழைய அடுப்புகளின் கயிற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கிறது, 1980க்கு முந்தைய அடுப்பு என்றால் நீங்கள் கைவைக்காமல் ஆளை அழைப்பது நல்லது. பள்ளம் சுத்தமானதும் அதற்கான சிமெண்டை ஒரு கோடு இட்டு, புதுக் கயிற்றை உள்ளே அமர்த்துங்கள். இழுத்து இழுத்து வைக்காதீர்கள். இதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். இழுத்தால் கயிறு மெலியும், மெலிந்த கயிறு முதல் நாளே தாள் சோதனையில் தோற்கும். இரண்டு முனையும் சேரும் இடத்தைக் கீழே கொண்டுபோய், கொஞ்சமும் இடைவெளி இல்லாமல் முட்டவையுங்கள். மெழுகுத்தாள் ஒன்றை நடுவே வைத்துக் கதவைப் பூட்டி ஒரு நாள் அப்படியே விட்டால் போதும். அப்புறம் முதல் தீ சின்னதாக இருக்கட்டும்.

அதற்கு முன் ஒன்று: பல அடுப்புகளில் பூட்டின் கொக்கியைத் திருகி இறுக்க வசதி இருக்கும். கயிறு நன்றாக இருந்து பிடி மட்டும் தளர்ந்திருந்தால் அதைத் திருகினாலே சரியாகிவிடும்.

உள்ளே இருக்கும் செங்கல் வெடித்திருக்கிறது. உடனே மாற்ற வேண்டுமா?

மயிரிழை விரிசல் என்றால் விட்டுவிடுங்கள், எல்லா அடுப்பிலும் வரும். செங்கல் தன் இடத்தில் நிற்கிறதா, பின்னால் இருக்கும் இரும்பு தெரிகிறதா என்பதுதான் கேள்வி. துண்டு விழுந்து இரும்பு வெளியே தெரிந்தால், விரலால் தேய்க்கும்போது மணலாக உதிர்ந்தால், மாற்றுங்கள். தகட்டுக்கும் தீக்கும் நடுவில் நிற்பது அது ஒன்றுதான்.

வட அமெரிக்க அடுப்புகளில் பெரும்பாலும் 9 அங்குல நீளம், நாலரை அங்குல அகலம், ஒன்றேகால் அங்குலத் தடிமன் உள்ள கல்தான் இருக்கும். கனமான தீக்களிமண் கல், இலேசான நுரைக்கல் வகை, வெர்மிகுலைட் என்ற கனிமத்தில் செய்த பலகை என்று மூன்று வகையுண்டு, இருந்ததை எடுத்துவிட்டு வேறு வகையை வைத்தால் அடுப்பின் சூடு மாறும். கட்டட வேலைக்கு வாங்கிய சாதாரணச் செங்கல் மிச்சமிருக்கிறது என்று அதை அறுத்து வைக்காதீர்கள், சூட்டில் வெடித்துவிடும். பெரும்பாலும் கல் உடைவது சூட்டால் அல்ல, விறகை உள்ளே தூக்கி வீசுவதால்தான்.

மேலே ஒரு தட்டு நடுவில் தொங்கிப்போயிருக்கிறது. அது எதற்கு?

நெருப்புக்கு நேர் மேலே இருக்கும் மறிப்புத் தட்டு அது. புகையை நேரே குழாய்க்குள் ஓடவிடாமல் முன்பக்கம் திருப்பி, அதில் மிச்சமிருக்கும் வாயுவையும் எரியவைக்கிறது. அடுப்பிலேயே அதிகச் சூடு வாங்குவது இதுவும், இதன் கீழே துளை போட்டு வைத்திருக்கும் துருப்பிடிக்காத எஃகுக் குழாய்களும்தான். ஆகவே அடுப்பை யாராவது கண்டபடி எரித்திருந்தால் அந்தக் கதையை முதலில் இது சொல்லிவிடும். ஒரு நேர்க்கோலை அடியில் பிடித்துப் பாருங்கள், இலேசான வளைவு பரவாயில்லை, ஓரத்தில் இடைவெளி விட்டு நடுவில் தொய்ந்திருந்தால் தீப்பிழம்பு அந்த இடைவெளி வழியே நேராகக் குழாய்க்குள் போகும்.

இப்போதைய அடுப்புகளில் தட்டுக்குப் பதிலாக வெர்மிகுலைட் அல்லது பீங்கான் இழைப் பலகை இருக்கும். கை வைத்தாலே உடையும். புகைபோக்கியைத் தேய்க்கும்போது தூரிகை இறங்கி வந்து இதை இடித்து உடைப்பது சாதாரணமாக நடக்கிறது, தேய்க்கும் முன் கழற்றி வெளியே வைத்துவிடுங்கள். அதன் தூளை மூச்சில் இழுக்கக் கூடாது, என்95 முகமூடி இல்லாமல் தொடாதீர்கள்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா, "மண்ணைக் குழைச்சுப் பூசினாக் காணும்" என்கிறார். விரிசலுக்குப் பூசலாமா?

அம்மா சொல்வது மண் அடுப்புக்கு நூற்றுக்கு நூறு சரி. சாணமும் மண்ணும் பூசிய அடுப்பில் உடலும் பூச்சும் ஒரே பொருள், சேர்ந்து விரியும், சேர்ந்து சுருங்கும். இரும்பு விரியும் அளவு வேறு, மண் விரியும் அளவு வேறு, இரண்டாவது தீயிலேயே பொருக்காகக் கழன்று விழும்.

அடுப்பு சிமெண்ட் என்று டப்பாவில் விற்பதும் எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. பலகைகள் சேரும் ஒட்டுகளுக்கு அது சரி. பலகையே நடுவில் விரிந்திருந்தால் சிமெண்ட் பூசி மறைப்பது உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்வது. வார்ப்பிரும்பை வெல்டிங் செய்வது கைதேர்ந்தவர்களுக்கே கடினம், ஒட்டியதன் பக்கத்திலேயே மறுபடி விரியும், பலகையை மாற்றுவதுதான் வழி. எஃகு அடுப்பில் மூலை வெல்டிங் விட்டிருந்தால் நல்ல வெல்டர் சரிசெய்துவிடுவார், ஆனால் அது ஏன் விட்டது என்று கேட்காமல் விடாதீர்கள்.

வார்ப்பிரும்பு விரிவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: பனி ஒட்டிய கட்டையைக் கொதிக்கும் பலகையோடு சேர்த்து வைப்பது, மேலே வைத்த கெண்டித் தண்ணீர் சிந்துவது. திடீர்க் குளிர்ச்சியை அது தாங்காது.

அடுப்பு அளவுக்கு மீறி எரிந்திருக்கிறது என்று பார்த்தவுடன் தெரியுமா?

தெரியும். கறுப்புப் பெயிண்ட் ஒரு திட்டாக வெளுத்துச் சாம்பல் நிறமாகியிருக்கும், அடுப்புப் பெயிண்ட் ஏறத்தாழ 650 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும். கதவுச் சட்டம் முறுக்கியிருக்கும், உட்புறம் செதில் உதிரும். எரியும்போதே உலோகம் மங்கலாகச் சிவந்து தெரிந்தால் அது அழகு பார்க்கிற நேரமல்ல, உடனே காற்றுத் திறப்பை மூடுங்கள்.

இதற்கு வழக்கமான காரணம் சாம்பல் தட்டுக் கதவு. சீக்கிரம் பற்றட்டும் என்று அதை ஒரு விரல் திறந்து வைத்துவிட்டு, போன் வந்தது என்று போய்விடுவார்கள். கீழிருந்து ஊதுகிற காற்றில் கொல்லன் உலை மாதிரியே எரியும். அடுத்த காரணம், பலகைத் துண்டு, பெல்லட் மரம் என்று காய்ந்த சிறு கட்டைகளை மட்டும் நிறைய அடைப்பது.

காந்தத்தில் ஒட்டும் வெப்பமானி ஒன்று வாங்கி, ஒற்றைச் சுவர்க் குழாயில், அடுப்புக்கு ஒன்றரை அடி மேலே ஒட்டுங்கள். சுமார் 115 முதல் 245 டிகிரி செல்சியஸுக்குள் ஊசி நின்றால் நல்லது. கீழே போனால் தார் படியும், மேலே போனால் இரும்பு தேயும். இரட்டைச் சுவர்க் குழாயில் இதை ஒட்டினால் பொய் சொல்லும், அதற்குத் துளைபோட்டுச் செருகும் வகை வேண்டும்.

கண்ணாடி கறுத்துப்போகிறது, வெடித்துவிடுமா?

சூட்டால் வெடிக்காது. அது பீங்கான் கண்ணாடி, சூட்டில் கிட்டத்தட்ட விரியவே விரியாது. கட்டை முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும்போது கதவை அடித்துச் சாத்துவதாலும் திருகுகளை ஓவராக இறுக்குவதாலும்தான் உடைகிறது. மாற்றும்போது பக்கத்துக் கண்ணாடிக் கடையில் டெம்பர்ட் கிளாஸ் வெட்டி வாங்கிப் போட்டால் தாங்காது.

கறுப்பு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். முழுக்கக் கறுத்தால் விறகு ஈரம் அல்லது தீ மந்தம். ஒரே மூலை கறுத்தால் அந்த மூலையில் கண்ணாடியோரப் பட்டி போயிருக்கிறது. துடைக்க, ஆறிய பிறகு, ஈரத் தாளைச் சாம்பலில் தொட்டுத் தேய்த்தால் போதும், சாம்பல் போட்டுப் பாத்திரம் துலக்கியவர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. எவ்வளவு தேய்த்தும் போகாத வெண்மூட்டம் கண்ணாடியிலேயே அரித்தது, அது போகாது.

விறகு எவ்வளவு காய்ந்திருக்க வேண்டும்?

ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே. ஈரம் பார்க்கும் மானியை வெளிப்பக்கம் குத்தாமல், கட்டையைப் புதிதாகப் பிளந்து உள்முகத்தில் குத்துங்கள். மேப்பிள் பிளந்து அடுக்கினால் ஒரு வருடத்தில் தேறும், ஓக் இரண்டு வருடம் கேட்கும். பெயிண்ட் அடித்த மரம், மருந்தேற்றிய மரம், கடற்கரையில் ஒதுங்கிய உப்பு மரம் எதுவும் வேண்டாம், உப்பு மரம் இரும்பை உள்ளிருந்தே அரிக்கும்.

குழாயிலும் புகைபோக்கியிலும் என்ன பார்ப்பது?

அடுப்பிலிருந்து கூரைவரை போகும் கறுப்புக் குழாயை ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். கணீர் என்றால் தகடு உயிரோடு இருக்கிறது. மொத்தையாகச் சத்தம் வந்தால் உள்ளே படிவு, அல்லது தகடு அரித்து மெலிந்துவிட்டது. வளைவுகளில்தான் முதலில் போகும். ஒவ்வொரு இணைப்பிலும் மூன்று திருகு இருக்கிறதா, குழாயின் நெளிவு வைத்த முனை கீழ்நோக்கி அடுப்புப் பக்கம் இருக்கிறதா பாருங்கள். தலைகீழாக மாட்டியிருந்தால் தார் இணைப்பின் வழியே வெளியே வடியும்.

புகைபோக்கிக்குள் படியும் அந்தத் தாருக்குத்தான் கிரியோசோட் என்று பெயர். தூளாக இருக்கும்வரை தூரிகைக்கு வந்துவிடும். மினுமினுப்பாக, கண்ணாடி பூசியது போல இறுகிவிட்டால் தூரிகையால் ஆகாது, ஆள் வேண்டும். 3 மில்லிமீட்டர் கனம் சேர்ந்தாலே சுத்தம் செய்ய வேண்டிய நேரம் வந்துவிட்டது. எரித்தால் புகைபோக்கி சுத்தமாகும் என்று விற்கும் கட்டைகள் படிவைக் கொஞ்சம் இளக்கும், அவ்வளவுதான், தூரிகையின் வேலையை அது செய்யாது.

படிவு தீப்பிடித்தால்?

ரயில் ஓடுகிற மாதிரி சத்தம் வரும், குழாய் அதிரும். கதவையும் காற்றுத் திறப்பையும் மூடுங்கள், எல்லாரையும் வெளியேற்றுங்கள், 911. தண்ணீர் ஊற்றாதீர்கள். தானாக அணைந்துவிட்டது என்று மறுநாள் பற்றவைப்பதைப் போல மடத்தனம் வேறில்லை, 1,000 டிகிரிக்கு மேல் போயிருக்கலாம், உள்குழாய் வீங்கியோ பிளந்தோ இருக்கும். பரிசோதகர் பார்த்துச் சொல்லும்வரை தொடக் கூடாது.

கார்பன் மோனாக்சைடு அலாரம் அவசியமா?

சட்டப்படியே அவசியம். 2008 டிசம்பரில் ஒன்ராறியோவின் வுட்ஸ்டாக் நகரில் எரிவாயுக் கணப்பின் புகைவழி அடைபட்டதில் ஹாக்கின்ஸ் குடும்பத்தில் நான்கு பேரும் இறந்தார்கள். அவர்கள் பெயரைத் தாங்கிய சட்டத்தின் கீழ் 2014 அக்டோபரிலிருந்து, எரிபொருள் எரிக்கும் கருவி உள்ள வீடுகளில் அலாரம் கட்டாயம். விறகு அடுப்பும் அதில் சேரும். படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கேட்டலிட்டிக் அடுப்பு என்றால் வேறு என்ன?

புகையையும் எரித்துவிட, தேன்கூடு மாதிரி ஒரு பீங்கான் அல்லது உலோகக் கட்டி உள்ளே இருக்கும். ஏறத்தாழ 260 டிகிரி வந்த பிறகு அதன் வழியே புகையைத் திருப்ப வேண்டும். பூச்சு உரிகிறதா, துளைகள் சாம்பலில் அடைபட்டிருக்கின்றனவா பாருங்கள், மென்மையான தூரிகை போதும். வண்ணத் தாள், அலுமினியத் தாள், குப்பை எதையும் எரித்தால் கெட்டுவிடும். பத்தாயிரம் மணி நேரத்தைத் தாண்டினாலே பொதுவாக மாற்றும் காலம் நெருங்கிவிட்டது.

குளிர்காலம் முடிந்தால் அப்படியே விட்டுவிடலாமா?

அதைத்தான் பெரும்பாலோர் செய்கிறார்கள், அதனால்தான் அடுப்பு கோடையிலும் தேய்கிறது. சாம்பல் ஈரத்தை இழுக்கும், ஈரச் சாம்பல் இரும்பைத் தின்னும். ஏப்ரல், மே மாதத்தில் கடைசித் தீ அணைந்ததும் சாம்பலை முழுக்க அள்ளுங்கள், அப்போதே புகைபோக்கியைத் தேய்த்துவிடுங்கள், கூரை மூடி வழியே மழை இறங்குகிறதா பாருங்கள். கீல், பூட்டு போல்ட்களில் சூடு தாங்கும் கிரீஸ் பூசினால் அடுத்த முறை கழற்ற வரும். அள்ளிய சாம்பலை மூடியுள்ள உலோக வாளியில் போட்டு வெளியே, மரத் தளத்தின் மேல் அல்லாமல், வையுங்கள், உள்ளே கங்கு சில நாள்கூட உயிரோடிருக்கும்.

இன்சூரன்ஸ்காரர் வெட் ரிப்போர்ட் கேட்கிறார். அது என்ன?

கனடாவில் விறகு அடுப்பு, புகைபோக்கி வேலைக்குப் பயிற்சியும் சான்றும் கொடுக்கும் அமைப்பு வெட். அங்கே சான்று பெற்றவர் வந்து பார்த்து எழுதித்தரும் அறிக்கைதான் கேட்கிறார்கள். சுவருக்கும் அடுப்புக்கும் உள்ள தூரம், தரைக் காப்பு, குழாய் எல்லாம் பார்ப்பார். ஒற்றைச் சுவர்க் குழாய் என்றால் எரியக்கூடிய சுவரிலிருந்து பொதுவாக 45 சென்டிமீட்டர் தள்ளியிருக்க வேண்டும். வீடு வாங்கும் முன்பே கேட்டு வாங்குங்கள், வாங்கிய பிறகு குறை தெரிந்தால் செலவு உங்களுடையது.

எந்தக் கட்டத்தில் அடுப்பைக் கைவிடுவது?

உடல் தகடு வளைந்து கதவு எந்தக் கயிற்றுக்கும் மூடவில்லை என்றால், உடல் பலகை விரிந்து அதற்கு மாற்றுப் பலகை கிடைக்கவில்லை என்றால், பின்பக்கச் சான்றுத் தகடே இல்லையென்றால். மற்றதெல்லாம் பழுதுபார்க்கக் கூடியதுதான். அந்தத் தகட்டில் மாடல் எண், வரிசை எண், சுவர்த் தூரம் மூன்றும் இருக்கும், சூட்டில் எழுத்து மங்கிவிடும் முன் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கல் வாங்கப் போனாலும் கயிறு வாங்கப் போனாலும் கடைக்காரர் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.